தட்டு விழுந்த சத்தத்துக்குத் திரும்பினால் போதுமா?

குழந்தைக்குக் காது கேட்கிறதா என்ற சந்தேகம் வந்தவுடன் நம் வீடுகளில் நடக்கும் சோதனை ஒன்று உண்டு. குழந்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு யாராவது ஓர் எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுவார். குழந்தை திடுக்கிட்டுத் திரும்பும். ‘பார்த்தாயா, நன்றாகக் கேட்கிறது, நீதான் வீணாகப் பயந்தாய்’ என்று பாட்டி மருமகளிடம் சொல்வார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அடுத்த முறை அதே சந்தேகம் தலைதூக்கும்போது குழந்தைக்கு இரண்டு வயதோ மூன்று வயதோ ஆகியிருக்கும்.

மாவட்ட மருத்துவமனை ஒன்றில் சிறு குழந்தைகளின் செவித்திறனைச் சோதிப்பது என் வேலை. தாமதமாக வந்து சேரும் குழந்தைகளின் அம்மாக்களில் பலர் இந்தத் தட்டுக் கதையை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் அலட்சியத்தால் அதைச் செய்யவில்லை. அன்போடும் பயத்தோடும்தான் செய்தார்கள். ஆனால் அந்தத் தட்டு சோதித்தது வேறு எதையோ. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தட்டு எதைச் சோதிக்கிறது?

ஒலியின் உரப்பை டெசிபெல் என்ற அலகில் அளக்கிறோம். காதருகே கிசுகிசுப்பது ஏறத்தாழ 30 டெசிபெல். எதிரே உட்கார்ந்து இயல்பாகப் பேசுவது 60 டெசிபெலை ஒட்டி இருக்கும். எவர்சில்வர் தட்டு சிமென்ட் தரையில் விழும் சத்தம் அதற்கும் வெகு மேலே. ஆகவே, பக்கத்தில் உட்கார்ந்து அம்மா பேசும் ஒரு சொல்கூடக் காதில் விழாத குழந்தையும் தட்டுக்குத் திரும்பிவிடும். திரும்புவதும் எப்போதும் காதால்தான் என்று சொல்ல முடியாது. தரை அதிர்கிறது. நிழல் அசைகிறது. எதிரே இருக்கும் அத்தையின் கண் தட்டு விழுந்த பக்கம் போகிறது. காது கேளாத குழந்தை கண்ணால் வீட்டைப் படிக்கப் பழகிய குழந்தை. அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

காது கேளாமை என்றாலே ஒன்றுமே கேட்காத நிலை என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இருப்பவர்கள் சிலரே. பல குழந்தைகளுக்குத் தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்கும், உயர்ந்த சுருதி ஒலிகள் கேட்காது. தவில் கேட்கும், சிட்டுக்குருவி கேட்காது. பேச்சில் ‘ஆ’, ‘ஓ’ போன்ற உயிர் ஒலிகள் ஓங்கி ஒலிப்பவை. ‘ஸ’, ‘ச’, ‘த’, ‘க’ போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் அடையாளமோ மெலிந்த, உயர்ந்த சுருதியில் இருக்கிறது. உயர் சுருதி கேட்காத குழந்தைக்குக் கால், பால், தாள் எல்லாமே ‘ஆ’ என்று தொடங்கி மங்கி முடியும் ஒரே சத்தம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவான். கதவு சாத்தினால் திரும்புவான். பேச்சு மட்டும் வராது.

தமிழுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வீட்டை, வீட்டில், வீட்டுக்கு, வந்தான், வந்தாள். யார், எங்கே, எதற்கு என்ற விவரம் எல்லாம் சொல்லின் கடைசித் துண்டில் தொங்குகிறது. பேசும்போது நம் குரல் தாழ்வதும் அந்தக் கடைசித் துண்டில்தான். கொஞ்சம் மட்டும் கேட்கும் குழந்தை சொல்லின் தலையைப் பிடித்துக்கொண்டு வாலை விட்டுவிடுகிறது. நான்கு வயதில் ‘அப்பா கடை போ’ என்று பேசும் பிள்ளையை மந்தம் என்று சொல்லிவிடுகிறோம், காதைப் பார்ப்பதில்லை.

‘ங்கா’ சொல்கிறாளே?

இது அடுத்த நம்பிக்கை. மூன்று மாதக் குழந்தை ‘ங்கா’ சொல்கிறது, சிரிக்கிறது, அழுகிறது. காது கேட்காவிட்டால் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்கிறார்கள். காது முற்றிலும் கேளாத குழந்தையும் ‘ங்கா’ சொல்லும். அந்த வயதில் அது காதைக் கேட்டு எழும் ஒலி அல்ல; தொண்டையும் நாக்கும் தாமாகவே விளையாடும் விளையாட்டு. வேறுபாடு தெரியத் தொடங்குவது ஆறு, ஏழு மாதங்களுக்குப் பிறகு. கேட்கும் குழந்தை ‘பாபாபா’, ‘மாமாமா’, ‘தாதாதா’ என்று எழுத்துகளைக் கோத்துக்கொண்டு போகும். கேளாத குழந்தையிடம் அது வருவதற்கு வெகு காலம் ஆகும், அல்லது வரவே வராது. முன்பு போட்ட சத்தமும் குறைந்துகொண்டே போகும். பத்து மாதத்தில் வீடு அமைதியாகிவிட்டால் ‘சமர்த்துப் பிள்ளை’ என்று மகிழ்ந்துவிட வேண்டாம்.

ஒரு வயதில் பெயரைச் சொன்னால் திரும்ப வேண்டும், ஓரிரு சொற்கள் வந்திருக்க வேண்டும். ஒன்றரை வயதில் ‘செருப்பை எடுத்து வா’ என்றால் கை காட்டாமலே புரிய வேண்டும். இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். கை காட்டாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘நிலா எங்கே?’ என்று கேட்கும்போதே நம் கண் வானத்துக்குப் போய்விடுகிறது. ‘டாட்டா சொல்லு’ என்னும்போது நம் கை ஆடிவிடுகிறது. குழந்தை சரியாகத்தான் செய்கிறது. கண் சொன்னதைச் செய்கிறது.

பேச்சு தாமதமானால் நம் ஊரில் காரணம் தேடும் இடம் நாக்கு. வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவுவார்கள். நாக்கின் அடியில் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கோயிலில் வேண்டிக்கொள்வார்கள். ‘அவன் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினார்’ என்ற வாக்கியம் எல்லா வீட்டிலும் தயாராக இருக்கிறது. பேச்சு நாக்கில் முளைப்பதில்லை, காது வழியே உள்ளே போய் மூளையில் தங்கி, பிறகுதான் நாக்குக்கு வருகிறது. பேச்சு வரவில்லை என்றால் முதலில் சோதிக்க வேண்டியது காது. வேண்டுதலும் வசம்பும் இருக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. அவற்றுக்காக ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம் என்றுதான் கெஞ்சுகிறேன்.

ஏன் இத்தனை அவசரம்?

கருவில் ஆறாவது மாதவாக்கில் குழந்தைக்கு வெளி ஒலிகள் கேட்கத் தொடங்குகின்றன. பிறக்கும்போது அது அம்மாவின் குரலை மூன்று மாதத்துக்கு மேல் கேட்ட குழந்தை. பிறந்த பிறகு முதல் மூன்று ஆண்டுகளில், காதிலிருந்து வரும் செய்திகளைக் கொண்டு மூளை தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது. செய்தி வராவிட்டால் அந்த இடம் காலியாகக் காத்திருப்பதில்லை. பார்வை போன்ற பிற புலன்கள் அதில் குடியேறத் தொடங்குகின்றன. ஐந்தாறு வயதுக்குப் பிறகு எத்தனை நல்ல கருவியைப் பொருத்தினாலும் ஒலி கேட்கும். ஒலி சொல்லாக மாறுவது கடினமாகிவிடும்.

அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டு உதவி பெற்ற குழந்தைகளின் மொழித்திறன், அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேலாக இருந்தது. கேளாமை லேசானதா, கடுமையானதா என்பதைவிட எப்போது கண்டுபிடித்தார்கள் என்பதே பெரிதாக நின்றது. இந்தப் புரிதலில்தான் 1-3-6 என்ற கணக்கு உலகெங்கும் நிலைத்தது. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. முடிந்த இடங்களில் இதை 1-2-3 என்று இன்னும் முன்னால் இழுக்கச் சொல்கிறார்கள். நம்மிடம் பல குழந்தைகளுக்கு இது மாதக் கணக்காக இல்லை, ஆண்டுக் கணக்காக இருக்கிறது. மூன்று வயதில் என் அறைக்கு வரும் குழந்தையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இது என் மனத்தை அறுக்கிறது.

எங்கே பழுது?

காதின் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காது மடலும் துளையும் ஒலியைச் செவிப்பறைக்குக் கொண்டுபோகின்றன. செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சின்ன எலும்புகள் உள்ளே கடத்துகின்றன. உள்ளே நத்தை ஓடு போலச் சுருண்டிருப்பது காக்ளியா. அதற்குள் திரவமும், காதுக்கு ஏறத்தாழ 15,000 முடிச்செல்களும், அதாவது நுனியில் முடி போன்ற இழைகள் கொண்ட செல்களும், இருக்கின்றன. அதிர்வை மின் துடிப்பாக மாற்றி நரம்புக்குத் தருவது அந்தச் செல்களின் வேலை. கோழிக்கும் மற்ற பறவைகளுக்கும் இந்தச் செல்கள் அழிந்தால் திரும்ப முளைக்கும். மனிதருக்கு முளைப்பதில்லை.

செவிப்பறையிலோ எலும்புகளிலோ தடை என்றால் பெரும்பாலும் மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்யலாம். பிள்ளைகளிடம் மிகவும் பரவலாக இருப்பது செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது. சளி, மூக்கடைப்பு, மூக்குக்குப் பின்னால் வீங்கிய அடினாய்டு சதை ஆகியவற்றோடு வரும். வலி இருக்காது. பிள்ளை டிவியின் ஒலியைக் கூட்டும், ‘என்ன, என்ன’ என்று கேட்கும், பள்ளியில் ‘கவனம் இல்லை’ என்று எழுதி அனுப்புவார்கள். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும். வற்றாவிட்டால் செவிப்பறையில் கிராமெட் என்ற சின்னக் குழாயை வைப்பார்கள். படுக்கவைத்தபடி புட்டிப்பால் கொடுப்பது நடுக்காதில் சீழ் வைக்கக் காரணமாகலாம். சீழ் வடியும் காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது எந்த நாளும் கூடாது.

காக்ளியாவிலோ நரம்பிலோ பழுது என்றால் அது பெரும்பாலும் நிரந்தரம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இப்படிப் பிறவியிலேயே இருக்கிறது. இவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நன்றாகக் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே’ என்பது அதனால்தான் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

காரணங்களில் முதலிடம் மரபணுவுக்கு. கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் வரும் மாற்றமே இவற்றில் மிகவும் அறியப்பட்டது, 1997இல் இனங்காணப்பட்டது. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதானவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கேளாமை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று ஒரே வேரில் மணம் முடிக்கும்போது ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் உறவுக்குள் நடப்பவை என்று தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழுதில் ஒரு பாதி அப்பாவிடமிருந்து, ஒரு பாதி அம்மாவிடமிருந்து. கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்டாள், அங்கே போனாள் என்று மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வீடுகளில் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சோதனைக்கு வரவே அஞ்சுகிறாள். அதன் விலையைக் கொடுப்பது குழந்தை.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ரூபெல்லா என்ற வைரஸ் தொற்று வந்தால் குழந்தையின் கண், இதயம், காது மூன்றும் பாதிக்கப்படலாம். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்புரையோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்துத்தான் இந்தத் தொடர்பை முதலில் கண்டார். இதற்குத் தடுப்பூசி உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கிய முதல் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பள்ளிகளில் போட்ட அந்த ஊசியைப் பற்றி அப்போது பரவிய வதந்திகள் பலருக்கு நினைவிருக்கும். அது தடுத்தவற்றில் ஒன்று பிறவிக் கேளாமை.

குறைமாதத்தில் பிறந்தவர்கள், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்தவர்கள், மஞ்சள் காமாலை முற்றி இரத்தம் மாற்றப்பட்டவர்கள், பிறந்தவுடன் அழாதவர்கள் ஆகியோரின் காதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் உயிரைக் காப்பாற்றும்போதே முடிச்செல்களைக் காயப்படுத்தக்கூடும். மருந்து கொடுத்தது தவறில்லை. பிறகு காதைச் சோதிக்காமல் வீட்டுக்கு அனுப்புவதுதான் தவறு. மூளைக்காய்ச்சல் வந்து தேறிய குழந்தைக்கு அவசரம் இன்னும் அதிகம். காக்ளியாவுக்குள் சில வாரங்களிலேயே எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம். அடைத்துவிட்டால், பின்னால் நான் சொல்லப்போகும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை அதற்குள் வைப்பது மிகக் கடினம்.

இரண்டு சோதனைகள்

பிறந்து இரண்டு நாளான குழந்தை ‘கேட்கிறது’ என்று சொல்லாதே, எப்படிச் சோதிப்பது? 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர் ஒரு விந்தையைக் கண்டார். ஆரோக்கியமான காது ஒலியை வாங்கிக்கொள்வதோடு, மிக மெல்லிய ஒலியைத் திருப்பியும் அனுப்புகிறது. வெளி வரிசை முடிச்செல்கள் துடிப்பதால் எழும் ஒலி அது. இதை வைத்து உருவானதுதான் ஓ.ஏ.இ. சோதனை. தூங்கும் குழந்தையின் காதில் மெத்தென்ற சின்ன அடைப்பானை வைப்போம். அது ஒலி தந்து, திரும்பி வருவதைப் பதிவு செய்யும். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களே ஆகும்.

விடை ‘பாஸ்’ அல்லது ‘ரெஃபர்’ என்று வரும். ரெஃபர் என்றால் செவிடு என்று பொருள் இல்லை. பிறந்த முதல் ஓரிரு நாளில் காதுத் துளையில் ஈரமும் மெழுகு போன்ற மாவும் இருக்கும். அதனாலும் ரெஃபர் வரும். சில நாள் கழித்துத் திரும்பச் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் பாஸாகிவிடுவார்கள். பயப்பட வேண்டியது ரெஃபர் என்ற சொல்லுக்காக அல்ல, அந்தச் சீட்டை மடித்து வைத்துவிட்டுத் திரும்ப வராமல் இருப்பதற்காக. பிரசவம் முடிந்து அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், ஊர் மாறுகிறது, சீட்டு தொலைகிறது. நாங்கள் இழக்கும் குழந்தைகளில் பலரை இங்கேதான் இழக்கிறோம்.

இரண்டாவது, பெரா. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன மின்முனைகளை ஒட்டி, ஒலி கொடுத்து, அந்த ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டு வரை போகும்போது எழும் மின் அலைகளைப் பதிவு செய்கிறோம். எத்தனை டெசிபெலில் அலை எழுகிறது என்பதிலிருந்து கேளாமையின் அளவு தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது. அவர்களில் சிலருக்கு முடிச்செல்கள் நன்றாக இருந்து நரம்பில் மட்டும் பழுது இருக்கும், ஓ.ஏ.இ. பாஸ் காட்டிவிடும், பெராதான் உண்மையைச் சொல்லும்.

பெராவுக்கு ஆழ்ந்த தூக்கம் தேவை. வரும் நாளில் குழந்தையைக் காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள், பசியோடு கொண்டுவாருங்கள். மின்முனை ஒட்டிய பிறகு பால் கொடுத்தால் அங்கேயே தூங்கிவிடும். பல குழந்தைகளுக்குத் தூக்க மருந்தே தேவைப்படாது.

ஆறு மாதத்துக்கு மேல் ஒலி வரும் பக்கம் திரும்பினால் பொம்மை ஒளிரும் சோதனையும், இரண்டரை வயதுக்கு மேல் ஒலி கேட்டால் டப்பாவில் ஒரு கட்டையைப் போடும் விளையாட்டும் உண்டு. முதல் சோதனையில் பாஸானதே ஆயுளுக்கும் போதும் என்று இருந்துவிட வேண்டாம். சில கேளாமைகள் ஒன்று, இரண்டு வயதில் தொடங்குபவை. பேச்சில் சந்தேகம் வந்தால் பழைய சீட்டைக் காட்டாமல் புதிதாகச் சோதியுங்கள்.

தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதற்கான வசதி உண்டு. 2013இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் பிறவிக் கேளாமையும் அடக்கம்; அதன் கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தைக் கேட்டுப் போகலாம். பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் செவித்திறன் சோதனையின் விடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மெஷின் மாட்டிய பிறகு

கேளாமை உறுதியானால் காதொலிக் கருவியைக் கைக்குழந்தைக்கே மாட்டலாம். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு மாட்டியிருக்கிறோம். ‘இத்தனை சின்னப் பிள்ளைக்கா? ஊர் என்ன சொல்லும்?’ என்பார்கள். கண்ணாடி போட்ட பிள்ளையை ஊர் ஒன்றும் சொல்வதில்லை, இதற்கும் பழகிக்கொள்ளும்.

கருவியைக் காதில் பிடித்துக்கொள்ளும் அச்சு குழந்தையின் காதுக்கு அளவெடுத்துச் செய்தது. குழந்தையின் காது வளரும், அச்சு வளராது. முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒரு முறை புதிய அச்சு தேவை. கருவி ‘கீ’ என்று விசிலடித்தால் அச்சு தளர்ந்துவிட்டது என்று பொருள். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஈரம் கருவியைக் கெடுக்கும். இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வையுங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, மூடி பூட்டுள்ள கருவியாகக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், விழித்திருக்கும் நேரமெல்லாம் மாட்டியிருப்பது. பிடுங்கிப் போடும், திரும்ப மாட்டுங்கள். பயிற்சி வகுப்புக்கு மட்டும் மாட்டி வீட்டில் கழற்றி வைத்தால் வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்டு மொழி கற்க முடியுமா? பேசுகிறவர் அருகில் வந்து பேச வேண்டும். மிக்ஸியும் டிவியும் ஓடும் கூடத்தில், சமையலறையிலிருந்து கத்துவது கருவிக்கு எட்டும், சொல்லாக எட்டாது. குளிப்பாட்டும்போது கழற்றிவிடுவதால், துடைத்து மாட்டியவுடன் பேசத் தொடங்குங்கள். என்ன பேசுவது என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். செய்வதையே பேசுங்கள். ‘சட்டை போடலாமா? இந்தக் கை எங்கே? இதோ வந்துவிட்டது.’

நல்ல கருவி மாட்டி, சில மாதம் பயிற்சி கொடுத்தும் பேச்சொலி எட்டவில்லை என்றால், அறுவை சிகிச்சையால் ஒரு பகுதியை உள்ளே வைத்து, இன்னொரு பகுதியை வெளியே மாட்டும் காக்ளியர் இம்ப்ளான்ட். காதொலிக் கருவி ஒலியைப் பெருக்கித் தருகிறது. இதுவோ முடிச்செல்களைத் தாண்டிப்போய் நரம்பையே மின்சாரத்தால் தூண்டுகிறது. காக்ளியாவின் சுருளுக்குள் மெல்லிய கம்பியை எப்படி நுழைப்பது என்பது அந்நாளில் தீராத கேள்வி. 1977இல் ஆஸ்திரேலியாவின் மின்னமுரா கடற்கரையில் காது மருத்துவர் கிரேம் கிளார்க் ஒரு சங்கு ஓட்டை எடுத்து அதற்குள் புல் தாளைச் செலுத்திப் பார்த்தார். நுனி வளைந்தும் அடி விறைத்தும் இருந்த புல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மறு ஆண்டே மெல்பர்னில் தம் முதல் நோயாளிக்குக் கருவியைப் பொருத்தினார்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. நரம்பு இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் புண் ஆறிய பிறகே வெளிக் கருவியை இயக்குவார்கள். அந்த நிமிடத்தில் பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிடும் என்று எதிர்பார்த்து வரும் குடும்பங்கள் உண்டு. பெரும்பாலும் பிள்ளை திகைக்கும் அல்லது அழும். அதன் காதுக்கு அன்றுதான் முதல் நாள். மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தாலும் கேட்பதில் அது பச்சிளங்குழந்தை. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் பயிற்சி.

கருவியின் விலை பல லட்சம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சையை ஏற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டமும் உண்டு. கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இதனால் கேட்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை. ஆனால் சில ஆண்டுகள் கழித்து உத்தரவாதக் காலம் முடிந்தபின் அறுந்துபோன ஒரு கம்பிக்காக, பழுதான வெளிக் கருவிக்காக அதே குடும்பம் கடன் வாங்குகிறது. கருவி வேலை செய்யாத நாள் அந்தப் பிள்ளைக்கு ஒலியே இல்லாத நாள். அறுவை சிகிச்சைக்கு முன்பே பராமரிப்பு பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2024 ஜனவரியில் ஷாங்காயிலிருந்து வந்த செய்தியைப் பல பெற்றோர் எனக்கு அனுப்பினார்கள். ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் சுரக்காததால் கேளாமல் பிறந்த ஆறு குழந்தைகளின் காதில் சரியான மரபணுவைச் செலுத்தியதில் ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியது. உண்மையிலேயே பெரிய செய்தி. ஆனால் அது அந்த ஒரு மரபணுவுக்கானது. அதற்காகக் காத்திருந்து கருவி மாட்டாமல் இருக்க வேண்டாம்.

கருவி வழியாக மொழி வராத, அல்லது வரத் தாமதமாகும் குழந்தைக்குச் சைகை மொழியைக் கொடுங்கள். சைகை கற்றால் பேச்சு வராது என்று நம் மருத்துவமனைகளிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தியச் சைகை மொழி இலக்கணம் உள்ள முழு மொழி. அதற்கென 2015இல் டெல்லியில் தேசிய மையமே தொடங்கப்பட்டது. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா போன்ற பள்ளிகள் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே கேட்கவும் பேசவும் பயிற்றுகின்றன. பாளையங்கோட்டையில் கேளாதோருக்கான கல்வி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேர்விட்டது. எந்த வழியை எடுத்தாலும், மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு மொழியும் இல்லாத நிலை மட்டும் வரக் கூடாது. வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை, பயமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை, சொல்ல வழியில்லாமல் தரையில் புரண்டு அழும்போது அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைக்கிறோம்.

கருவி மாட்டியவர்கள் தினமும் காலையில் செய்ய வேண்டிய சின்னச் சோதனை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டேனியல் லிங் என்பவர் வகுத்தது. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். இந்த ஆறு ஒலிகள் பேச்சின் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பரவி நிற்கின்றன. உதட்டைக் கையால் மறைக்காமல், குழந்தையின் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, வழக்கமான குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கைக்குழந்தை என்றால் கண் அசைவைக் கவனியுங்கள். பெரிய பிள்ளை என்றால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இடைவெளிகளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கணக்கு வைத்துச் சொல்லிவிடும். நேற்றுவரை கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், பிறகு அச்சில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே கிளம்பி வாருங்கள்.